தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது

ஏலே, உனக்குக் கடிதம் எழுதி இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். நீ ஹாஸ்டலில் இருந்தபோது எழுதியதுதான் கடைசி. அப்போதெல்லாம் முதல் வரியில் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு, இரண்டாம் வரியில் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா என்று கேட்பேன். இப்போது அதைக் கேட்டால் மருமகள் சிரிப்பாள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய பத்திர வரைவு என் கைக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. மூன்று தடவை போன் செய்து, "படிச்சியாம்மா, சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டாய். மூன்று தடவையும் "பாக்கேன்லே" என்று சொல்லி வைத்துவிட்டேன். வந்த அன்றைக்கே படித்துவிட்டேன் என்பதுதான் உண்மை. இன்னும் சரி என்று சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. அதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் "அம்மா, ஒரு மீட்டிங் இருக்கு" என்பாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது.

வீட்டை உன் பேருக்கு எழுதி வைக்கிறேன் என்று சொன்னதே நான்தான். நீயோ மருமகளோ வாயைத் திறந்து கேட்கவில்லை. அதை யார் கேட்டாலும் சொல்வேன். உன் அப்பா என் பேரில் வாங்கிய வீடு. பிள்ளையோடு நீங்கள் மூன்று பேரும் அடுத்த மாதம் அத்தனை தூரம் வெளிநாட்டுக்குப் போகிறீர்கள், திரும்பி வர ஐந்து வருஷமோ எத்தனையோ. எனக்கு எழுபது தாண்டிவிட்டது. கையும் கண்ணும் நன்றாக இருக்கும்போதே பதிந்துவிடலாம் என்றேன். நீயும் உன் வழக்கப்படி ஒரே வாரத்தில் ஆங்கிலத்தில் வரைவு எழுதி அனுப்பிவிட்டாய். பிறகு பத்திர எழுத்தர் அதைத் தமிழில் எழுதிக்கொள்வார் என்றாய். எல்லாம் சரி. ஏழாவது பத்திதான் என்னை உட்கார வைத்துவிட்டது. என் காலம் முடியும்வரை இந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் நான் வசிப்பதைப் பற்றிய பத்தி. அதில் நீ ‘மே’ என்று போட்டிருக்கிறாய். கட்டாயம் என்று சொல்லும் ‘ஷல்’ இல்லை. உரிமை உண்டு என்று சொல்லும் வேறு எந்த வார்த்தையும் இல்லை. ‘மே’ ஒன்றுதான். அம்மா இருக்கலாம்.

உடனே பதறாதே. நீ எனக்குக் கெடுதல் நினைத்து எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். ஆபீசில் வைத்திருக்கும் ஏதோ மாதிரிப் பத்திரத்தை எடுத்துப் பேரையும் சர்வே நம்பரையும் மாற்றியிருப்பாய். நாள் பூராவும் கம்பெனிகளின் ஒப்பந்தங்களைப் படித்துத் திருத்துகிறவனுக்கு வீட்டுப் பத்திரம் என்றால் அலட்சியம் வரத்தான் செய்யும். சமையல்காரர் வீட்டில் சமைக்கிற மாதிரி. ஆனால் நானும் பத்தொன்பது வருஷம் வக்கீல் ஆபீசில் ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்தவள். என் கண்ணுக்கு அந்த மூன்றெழுத்து முதலில் படாமல் வேறு எது படும்? இன்னொன்றும் கவனித்தேன். மூலப் பத்திரங்களை நான் ஒப்படைக்க வேண்டும், பதிவுக்கு நான் வர வேண்டும், வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்கக் கூடாது என்று எனக்கு ஐந்து இடத்தில் ‘ஷல்’ போட்டிருக்கிறாய். உனக்கு ஒரே ஒரு இடம். வருஷத்துக்கு ஒரு தடவை என்னை வந்து பார்க்க ‘எண்டெவர்’, அதாவது முயற்சி, செய்வாய் என்கிறாய். ‘எண்டெவர்’ என்பது உன் அப்பாவின் "பாக்கேன்" கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. மோட்டாரைச் சரி செய்தீர்களா என்று கேட்டால் அவர் அதைத்தான் சொல்வார். அந்த மோட்டார் சரியானதே இல்லை. படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

என் ஆபீஸ் உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கேதான் வருவாய். பாளையங்கோட்டையில் வாகை மர நிழல் விழும் மாடி, மரப்படி ஏறினால் வக்கீல் சாரின் அறை, அதற்கு முன்னால் என் மேஜை. மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வீணான கார்பன் தாளை வைத்துப் படம் வரைந்து, முகமெல்லாம் நீலமாக வீட்டுக்கு வருவாய். சார் கண்ணை மூடிக்கொண்டு நடந்தபடியே சொல்வார், நான் தட்டுவேன். ஒரே மாதிரியான இரண்டு வார்த்தை எதிர்ப்பட்டால் மட்டும் ஜன்னல் பக்கம் போய் நின்றுவிடுவார். "ஏ பிள்ள, இங்கன ஷல்லா, மேயா?" என்று என்னைக் கேட்பார். எனக்குத் தெரியுமா என்று பார்ப்பதற்காகக் கேட்கவில்லை. அவருக்கே அந்த நேரத்தில் யாராவது எதிரில் நின்று பதில் சொல்ல வேண்டும். ‘ஷல்’ என்று சொன்னால், "அப்ப நாம யாருக்கு எழுதுதோம்னு மறந்துட்ட" என்பார். இடத்தைக் கொடுப்பவருக்கு எழுதும்போது ‘மே’, வாடகைக்கு எடுப்பவருக்கு எழுதும்போது ‘ஷல்’. இதுதான் ஆபீசின் பால பாடம். ‘மே’ என்ற வார்த்தையை அவர் "ரெண்டு வக்கீல் வீட்டு அடுப்ப எரிய வைக்கக் கூடிய வார்த்தை" என்பார். அது உரிமை என்று ஒருவர் வாதாடலாம், வெறும் தயவு என்று இன்னொருவர் வாதாடலாம்.

‘லீஸ்’ என்பதற்கும் ‘லைசென்ஸ்’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் நம் வீட்டு வாசலில்தான் கற்றேன். தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் நம் முன்பக்கத்துக் கொட்டகையில் படுத்து எழுந்து போவார்களே, அப்பா மோர்ப் பானையும் டம்ளருமாக நிற்பாரே. ஒரு வருஷம் ஒருவர் கால் வீங்கி நாலு நாள் இருந்துவிட்டார். ஐந்தாம் நாள் தன் வேட்டியைத் துவைத்து நம் கொடியிலேயே காயப் போட்டார். நான் சாரிடம் சொல்லிச் சிரித்தேன். "இடத்தையே கொடுத்தா லீஸ், இடத்துக்குள்ள வந்து போக விட்டா லைசென்ஸ். உன் வீட்டுக்காரர் கொடியக் கொடுத்தாச்சுன்னா, பைய லீஸ் ஆயிரும். பாத்துக்கோ" என்றார் சார். அந்த மனிதர் ஆறாம் நாள் அப்பாவின் தோளைப் பிடித்து அழுதுவிட்டுக் கிளம்பினார். ஊருக்குப் போய் ஒரு மூட்டை கடலை அனுப்பினார். அதை நீதான் தின்று தீர்த்தாய்.

இன்னொரு ஜோடியும் உண்டு. இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ‘டெர்மினேட்’, ‘எக்ஸ்பைர்’. ஒப்பந்தத்தை ஒருவர் நடுவில் முறித்தால் முதலாவது. காலம் முடிந்து தானாகவே முடிந்தால் இரண்டாவது. அப்பா போனபோது ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எல்லாருக்கும் எழுதுகிற மாதிரி அவருக்கும் ‘எக்ஸ்பயர்டு’ என்றுதான் எழுதியிருந்தார்கள். நீ மறுநாள் வந்து சேர்ந்தாய். முந்தின வாரமே வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தால், முதல் போனுக்கே கிளம்பியிருந்தால் என்று பதினாறு நாளும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எனக்கு அந்தக் காகிதத்தில் இருந்த வார்த்தை சரியாகப் பட்டது. அவர் காலம் முடிந்தது, அவ்வளவுதான். யாரும் முறிக்கவில்லை. நீயும் முறிக்கவில்லை. அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாம். எனக்கும் அப்போது வாய் வரவில்லை.

இனி சொல்லப் போவது இத்தனை வருஷம் நான் யாரிடமும் சொல்லாதது. அப்பாவிடமும் சொன்னதில்லை.

ஆவுடையக்காவை உனக்கு மறந்திருக்காது. நீ ஆவுடை பெரியம்மா என்பாய். நம் தெருமுனையில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கும் கடை வைத்திருந்தார்கள். நாலு மிஷின், மூன்று பெண்கள், வாசலில் காக்கித் துணியும் நீலப் பாவாடைத் துணியும் அடுக்கி இருக்கும். உன் கால்சட்டையின் விளிம்பை உள்பக்கம் இரண்டு அங்குலம் மடித்துத் தைப்பார்கள். "பிள்ள வளருதாம்லா, பிரிச்சு விட்டுக்கிடலாம்" என்பார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை அந்த மடிப்பைப் பிரித்து இறக்கித் தருவார்கள். பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு வெளுத்த கோடு தெரியும். அதை வைத்து நீ எத்தனை வளர்ந்தாய் என்று அப்பா விரலால் அளந்து பார்ப்பார். புருஷன் விட்டுப் போனபிறகு அக்கா தானாகவே கட்டி எழுப்பிய கடை. அந்த இடத்தில் ஐந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடந்து போகும். அதுதான் அந்தக் கடையின் உயிர்.

கட்டடம் வெளியூரில் இருந்த ஒருவருடையது. அவர் பெயரில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு அண்ணாச்சி இங்கே இருந்தார். வெள்ளைச் சட்டை, விபூதி, அதிர்ந்து பேசாத மனிதர். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது உரிமையாளருக்காகச் சார்தான் எழுதினார். உரிமையாளர் படித்துப் பார்க்க வேண்டும் என்பதால் ஆங்கிலத்தில். நாலு வருஷத்துக்கு ஒப்பந்தம், முடிந்ததும் மறுபடி நாலு வருஷத்துக்குப் புதுப்பித்துத் தர வேண்டும் என்று பழைய பத்திரத்தில் ‘ஷல்’ இருந்தது. அதைப் பார்த்தே புதியதையும் தட்டிவிட்டேன். அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, பென்சிலால் அந்த வார்த்தையின் மேல் ஒரு கோடு இழுத்து, மேலே ‘மே’ என்று எழுதினார். "மொதலாளி அப்படிச் சொல்லுதாக" என்றார். ஐந்தெழுத்தை அழித்த இடத்தில் மூன்றெழுத்தை அடித்தால் நடுவில் இடைவெளி பல்லைக் காட்டும். யார் பார்த்தாலும் இங்கே என்னமோ மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். நான் அந்தத் தாளையே எடுத்துப் போட்டுவிட்டு, கார்பன் வைத்து நாலு பிரதி புதிதாக அடித்தேன். மிகவும் சுத்தமாக இருந்தது. சாரே பாராட்டினார்.

ஆங்கிலம் தெரியாதவர் கையெழுத்துப் போடும் பத்திரத்தின் அடியில் ஒரு வரி வரும். இதில் கண்ட விவரங்கள் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டு, சரியென்று ஒப்புக்கொள்ளப்பட்டது என்று. வாசித்தவர் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். பெண்கள் வந்தால் வாசிப்பது என் வேலை. அன்றைக்கு ஆவுடையக்கா என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் அளவுநாடா தொங்கியது, கழற்ற மறந்து வந்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் அண்ணாச்சி. ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். புதுப்பிக்கும் பத்தி வந்தது. அக்கா குனிந்து, "நாலு வருசம் கழிச்சும் எடம் எனக்குத்தான பிள்ள?" என்று கேட்டார்கள். நான், "ஆமாக்கா. மறுபடியும் நாலு வருசத்துக்குப் புதுப்பிச்சுத் தருவாக" என்றேன்.

‘தரலாம்’ என்பதுதான் தாளில் இருந்தது. அது எனக்குத் தெரியும். அரைமணி நேரத்துக்கு முன்பு நானே அடித்த வார்த்தை. அப்புறம் ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்கலாம். நம் ஊர்ப் பேச்சு உனக்குத் தெரியாததா? பெண் பார்க்கப் போன இடத்தில் என்ன செய்வார்கள் என்று தரகர் கேட்டால், "அவுக பிள்ளைக்கு அவுக செய்வாக" என்பார்கள். செய்யலாம் என்று யாராவது சொல்லிவிட்டால் அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிந்தது. எதிரே ஒரு பெரிய மனிதரை வைத்துக்கொண்டு, ‘இவர்கள் தரலாம், தராமலும் இருக்கலாம்’ என்று சொல்வது அவரை முகத்துக்கு நேரே சந்தேகப்படுவது மாதிரி எனக்கு இருந்தது. மரியாதைக் குறைவு என்று பட்டது. அக்காவின் மனதும் நோகாது, அண்ணாச்சியின் கௌரவமும் கெடாது, எல்லாருக்கும் நல்லது என்று நாக்கு தானாகவே திரும்பிவிட்டது. அண்ணாச்சி திருத்திச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா கையெழுத்துப் போட்டார்கள். வாசித்துக் காட்டப்பட்டது என்ற வரியின் கீழே நானும் போட்டேன்.

இது நாக்கின் பிழை என்றால் மன்னித்துக்கொள்ளலாம். அடுத்தது அப்படி இல்லை. நாலு வருஷம் கழித்து உரிமையாளர் வேறு யாருக்கோ அந்த இடத்தைக் கொடுக்க முடிவு செய்தார். பள்ளிக்கூடம் திறக்க ஒரு மாதம்தான் இருந்தது, யூனிஃபார்ம் வேலை மலையாகக் குவியும் நேரம். அக்கா இன்னொரு வக்கீலைப் பிடித்து நோட்டீஸ் அனுப்பினார்கள். ‘புதுப்பித்துத் தருவார்கள் என்றுதான் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது’ என்று அதில் இருந்தது. சார் அந்த நோட்டீஸைப் படித்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். நடக்கவில்லை, கண்ணை மூடவில்லை. "நீ சரியாத்தான வாசிச்ச?" என்றார். நான், "சரியாத்தான் வாசிச்சேன் சார்" என்றேன். அவர் இரண்டாம் தடவை கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நம்பவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அதைவிட, அத்தனை வருஷம் ஒரு பிழை இல்லாமல் அடித்தவள் என்ற பேர் போய்விடும் என்ற பயம். பதில் நோட்டீஸையும் நான்தான் அடித்தேன். அதிலும் ஒரு பிழை கிடையாது.

அக்காவின் வக்கீல், என் கையெழுத்து இருக்கும்போது இது நிற்காது என்று சொல்லிவிட்டாராம். அக்கா இரண்டு மிஷினை விற்றுவிட்டு, மீதி இரண்டோடு தன் தம்பி வீட்டுக்கு ஆழ்வார்திருநகரிக்குப் போய்விட்டார்கள். போகும்போது நம் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. உன் அளவு எழுதிய சீட்டை என்னிடம் கொடுத்து, "யார்ட்ட தைக்கக் கொடுத்தாலும் காலுக்கு ரெண்டு இஞ்சு கூட விடச் சொல்லு" என்றார்கள். அந்த வருஷம் உனக்கு ரெடிமேடு கால்சட்டை வாங்கினோம். இடுப்பில் உறுத்துகிறது என்று அழுதாய். "ஆவுடை பெரியம்மா எங்கம்மா?" என்று கேட்டாய். ஊருக்குப் போய்விட்டார்கள் என்றேன். தீபாவளிக்குள் கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. பிரித்து இறக்க உள்ளே துணி இல்லை.

உன் வரைவில் அந்த ‘மே’யைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு வாரம் இருப்புக் கொள்ளவில்லை. முதலில் உன் மேல் கோபம் வந்தது, மறைக்கவில்லை. பிறகுதான் உறைத்தது, இதே வார்த்தையை நான் எத்தனை பேருக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன் என்று. அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் திருச்செந்தூர் ரயிலைப் பிடித்து ஆழ்வார்திருநகரிக்குப் போனேன். உன்னிடம் கோயிலுக்குப் போனதாகச் சொன்னேனே, அன்றைக்குத்தான். ஜன்னலுக்கு வெளியே நாற்றுப் பச்சையும் வாழைத் தோட்டமுமாக ஓடிக்கொண்டே வந்தது. நீ சின்னப் பையனாக இருந்தபோது ஜன்னலில் ஏறி நின்று ஆறு வருகிறதா என்று கேட்டுக்கொண்டே வருவாய். அந்த ஞாபகம்தான் வழிநெடுக. 

அக்கா இருந்தார்கள். எண்பதை நெருங்கிவிட்டது. தம்பி மகளோடு இருக்கிறார்கள். ஒரு மிஷின் இன்னும் ஜன்னலோரம் இருக்கிறது, தலையணை உறை தைப்பார்களாம். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி உன்னைப் பற்றித்தான். "பிள்ள எம்புட்டு ஒசரம் இப்ப?" என்றார்கள். கதவு நிலையைக் காட்டினேன். காபி குடித்தோம். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தாளில் என்ன இருந்தது, நான் என்ன வாசித்தேன், சார் கேட்டபோது என்ன சொன்னேன், எதையும் விடவில்லை. அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்கள். கோத்து முடித்துவிட்டுத்தான் பேசினார்கள்.

"நீ வாசிக்கும்போது அந்த அண்ணாச்சி தரையப் பாத்துக்கிட்டே இருந்தார். என்னமோ சரியில்லையேன்னு தோணுச்சு. பொறவு, நீ சொல்லுதியேன்னு விட்டுட்டேன்."

நான் அழுதேன். அக்கா சமாதானம் சொல்லவில்லை. ஒரு உறையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டே, "நீ உள்ளதச் சொல்லிருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன் பிள்ள. வேற எடம் அன்னைக்கு எனக்கு ஏது? ஆனா தெரிஞ்சு போட்டிருப்பேன். நாலு வருசம் இருந்துச்சே, அதுக்குள்ள வேற எடம் பாத்து வச்சிருப்பேன்லா" என்றார்கள்.

 மன்னித்துவிட்டேன் என்று அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது இரண்டு தலையணை உறையைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். என்னை மாதிரி ஆங்கிலம் படித்தவர்கள் ஒப்பந்தத்தில் வார்த்தையைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறோம். சார் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். நீ படித்ததும் அவ்வளவாகத்தான் இருக்கும். எந்த வார்த்தையைப் போட்டாலும், அதனால் பாதிக்கப்படப் போகிறவரிடம் அதை அப்படியே சொல்ல வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீ ஒரு நாளைக்கு எத்தனை ஒப்பந்தம் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் கையெழுத்துப் போடுகிறவர்களை நீ பார்ப்பதே இல்லை என்று சொல்லியிருக்கிறாய். கம்ப்யூட்டரில் போய்விடுமாம். எனக்கு ஆவுடையக்கா கழுத்தில் அளவுநாடாவோடு எதிரே உட்கார்ந்திருந்தார்கள், அப்போதும் தப்புச் செய்தேன். எதிரே யாருமே இல்லாவிட்டால் எத்தனை சுலபம் என்று யோசித்துப் பார்.

இப்போது ஏழாவது பத்திக்கு வருவோம். எதிர்த்தரப்பிலிருந்து வரும் வரைவில் பென்சிலால் குறித்து அனுப்புவது ஆபீஸ் வழக்கம். உன் வரைவில் நான் ஒரு புள்ளி கூட வைக்கவில்லை. நீ எதிர்த்தரப்பு இல்லை. ‘ஆயுள் பரியந்தம் வசிக்க உரிமை உண்டு’ என்று தமிழில் ஒரே வரியில் எழுதிவிடலாம், பத்திர எழுத்தர் தூக்கத்தில் கூட எழுதுவார். நானே அவரிடம் சொல்லி மாற்றிவிட்டு, உன்னிடம் ஒன்றும் சொல்லாமல் பதிந்திருக்கலாம். அப்படிச் செய்ய எனக்கு மனசில்லை. சத்தமில்லாமல் தாளை மாற்றி அடித்தது ஒரு தடவை போதும்.

பயமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உன்னைப் பற்றிய பயம் இல்லை. ஐந்து வருஷத்தில் என்னென்னவோ ஆகும். அங்கே வீடு வாங்க வேண்டி வரும். இதை விற்கலாமா என்று யாராவது கேட்பார்கள். அம்மாவைத் தனியாக விட்டு வைத்திருக்கிறோமே, எங்கேயாவது நல்ல இடத்தில் சேர்க்கலாமா என்று நீயே நல்ல எண்ணத்தில் யோசிப்பாய். அன்றைக்கு அந்தத் தாளைப் புரட்டினால் அதில் ‘மே’ இருக்கும். அப்பா மோர்ப் பானையோடு நின்ற வாசல் இது. கொடியில் வேட்டி காயப் போட்டவரைப் போல நானும் ஒரு லைசென்ஸில் இங்கே இருக்க வேண்டுமா என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது.

ஆகையால் ஒன்று செய். கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள், ஒரே ஒரு நாள், தனியாக வா. கூட்டாஞ்சோறு செய்து வைக்கிறேன். சாப்பிட்டுவிட்டு, கூடத்தில் என் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அந்த ஏழாவது பத்தியை மட்டும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டு. எனக்கு ஆங்கிலம் தெரியுமே, எதற்கு என்று கேட்காதே. உன்னைவிட எனக்கு நன்றாகவே தெரியும். என்றாலும் வாசித்துக் காட்டு. அம்மா இருக்கலாம் என்று உன்னால் சொல்ல முடிந்தால், அப்படியே எழுது. கோபப்பட மாட்டேன். தெரிந்தே கையெழுத்துப் போடுகிறேன்; போட்டுவிட்டு நானும் வேறு இடம் பார்த்து வைத்துக்கொள்கிறேன். சொல்லும்போது உன் வாய் வேறு மாதிரி திரும்பினால், வாயில் வந்ததைத் தாளிலும் எழுதிவிடு. வாயில் ஒன்றும் தாளில் ஒன்றுமாக மட்டும் வேண்டாம்.

கீழே அந்தப் பழைய வரியையும் போடச் சொல்கிறேன். வாசித்துக் காட்டப்பட்டு, சரியென்று ஒப்புக்கொள்ளப்பட்டது என்று. வாசித்தவர் இடத்தில் நீ கையெழுத்துப் போடு.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். வாசிக்கும்போது தரையைப் பார்க்காதே லே. என் முகத்தைப் பார்த்து வாசி.

அம்மா